நோயாளி வருமுன் அவர் தகவல் வரட்டும்: கைரோபிராக்டிக் கிளினிக்குக்கு ஆன்லைன் படிவம் அமைக்கும் முறை

இடுப்பு வலியோடு வருகிறவருக்கு உட்கார்ந்து குனிந்து எழுதுவதைப் போலக் கஷ்டமான வேலை வேறில்லை. அவரிடம்தான் அட்டையில் செருகிய நான்கு பக்கத் தாளையும் பேனாவையும் நீட்டுகிறோம். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் அழுத்திச் சரிசெய்யும் சிகிச்சை தருகிற ஒரு கைரோபிராக்டிக் கிளினிக்கின் ரிசப்ஷனையும் பதிவேடுகளையும் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறவள் நான். முதுகையும் கழுத்தையும் பார்க்கிற இடத்தில் படிவத்தை வீட்டிலேயே நிரப்பச் சொல்வதற்கு மற்ற எந்தக் கிளினிக்கை விடவும் அதிக காரணம் உண்டு. வீட்டில் நின்றுகொண்டு நிரப்பலாம், படுத்தபடி நிரப்பலாம், பாதியில் நிறுத்தி மாத்திரை டப்பாவைத் தேடி எடுத்துவரலாம்.

தாளில் இருந்ததை அப்படியே திரைக்கு ஏற்றினால் மட்டும் இந்த நன்மை கிடைத்துவிடாது. படிவத்தை அமைக்க உட்காரும்போது ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் இரண்டு விஷயங்களை எழுதுங்கள்: இந்தப் பதிலை யார் படிப்பார்? படித்துவிட்டு என்ன செய்வார்? இரண்டையும் எழுத முடியாத கேள்வியை எடுத்துவிடுங்கள். பழைய தாள் படிவங்களில் தந்தை பெயர், வாழ்க்கைத் துணையின் அலுவலக முகவரி என்று யாரும் ஒருநாளும் படிக்காத கட்டங்கள் இருக்கும். ‘தொழில்’ என்ற கட்டமும் அந்த மாதிரிதான். ‘கணக்காளர்’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்தால் டாக்டருக்கு அதனால் பயன் இல்லை. ‘ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கிறீர்கள்? எடை தூக்குகிறீர்களா? நீண்ட நேரம் வண்டி ஓட்டுகிறீர்களா?’ என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்து அவர் சிகிச்சையைத் திட்டமிடுவார்.

இரண்டு தவணையாகக் கேளுங்கள்

எல்லாவற்றையும் ஒரே படிவத்தில் அடைத்தால் பாதியிலேயே விட்டுவிடுவார்கள். முதல் பகுதி, நேரம் பதிவு செய்யும்போதே வர வேண்டியது: பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண், அவசரத்துக்கு அழைக்க ஒருவர், எங்கே வலி, எப்போதிலிருந்து, அதோடு நான் அடுத்துச் சொல்லப்போகும் எச்சரிக்கைக் கேள்விகள். சில நிமிடங்களில் முடிந்துவிட வேண்டும். இரண்டாவது பகுதியின் லிங்கை நேரம் உறுதியானதும் அனுப்புங்கள்: பழைய நோய்கள், அறுவை சிகிச்சைகள், மருந்துகள், வலி விவரம், ஒப்புதல். பாதியில் சேமித்துவிட்டுப் பிறகு தொடரும் வசதி இதற்குக் கட்டாயம் வேண்டும். முந்தின நாள் ஒரு நினைவூட்டல் போதும். அதற்கு மேல் அனுப்பினால் எரிச்சல்தான் மிஞ்சும்.

எச்சரிக்கைக் கேள்விகளை முதல் பகுதியிலேயே வைப்பதற்குக் காரணம் நேரம். புதன்கிழமை பார்க்க வேண்டியவர் ஞாயிறு இரவு படிவத்தை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுதியது புதன்கிழமை வரை எவர் கண்ணிலும் படாமல் கிடக்கக் கூடாத ஒன்றாக இருக்கலாம்.

எச்சரிக்கைக் கேள்விகள்

ஆன்லைன் படிவத்தில் நான் மிக அதிகம் அக்கறைப்படும் இடம் இதுதான். கீழ்முதுகு வலி என்று வருகிறவர்களில் மிகச் சிலருக்குத் தண்டுவடத்தின் கீழ்முனையிலிருந்து இறங்கும் நரம்புக் கற்றை நசுங்கியிருக்கும். காடா ஈக்வைனா பாதிப்பு என்பார்கள். சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, சிறுநீரோ மலமோ தெரியாமலே வெளியேறுவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். பெரும்பாலும் அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும். தாமதமானால் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். இவர் கிளினிக் மேசையில் படுக்க வேண்டியவர் அல்லர், நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியவர்.

கழுத்திலும் இப்படி ஒன்று உண்டு. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்தால், தொடக்கத்தில் அது வெறும் கழுத்து வலியாகவோ தலைவலியாகவோ தெரியலாம். அதனால் அந்த நோயாளி கழுத்து வலிக்கு என்று நம்மிடமே வரலாம். இதுவரை இல்லாத மாதிரியான, திடீரென்று தொடங்கிய கடும் கழுத்து வலி அல்லது தலைவலி, தலைசுற்றல், பார்வை இரட்டையாகத் தெரிவது, பேச்சு குழறுவது, விழுங்கச் சிரமம், முகத்தில் ஒரு பக்கம் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது: இவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் அடுக்கி, கடைசியில் ‘ஆம் / இல்லை’ என்று வைத்தால் படிக்காமலே ‘இல்லை’ என்று தட்டிவிட்டுப் போவார்கள்.

கேள்வியின் மொழி வீட்டில் பேசுகிற மொழியாக இருக்கட்டும். ‘சிறுநீர் அடங்காமை உள்ளதா?’ என்றால் பலருக்குப் புரியாது. ‘சிறுநீர் உங்களுக்குத் தெரியாமலே போய்விடுகிறதா? அல்லது முட்டிக்கொண்டிருந்தும் போக முடியவில்லையா? இது சமீபத்தில் தொடங்கியதா?’ என்று கேளுங்கள். கேள்விக்கு மேலே ஒரு வரி விளக்கமும் கொடுங்கள்: ‘முதுகு வலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். கீழ்முதுகிலிருந்து போகும் நரம்புகள்தான் சிறுநீர்ப்பையையும் இயக்குகின்றன. அதனால் கேட்கிறோம்.’ இந்த ஒரு வரி இருந்தால் மனம் திறந்து பதில் சொல்கிறார்கள். ரிசப்ஷனில் நாலு பேர் நடுவில் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் போனில் தனியாக இருக்கும்போது உண்மையை எழுதிவிடுகிறார்கள். நான் நேரில் பார்த்துக்கொண்டிருக்கும் விஷயம் இது.

‘ஆம்’ என்று ஒருவர் தட்டியதும் என்ன நடக்க வேண்டும் என்பதை முன்பே தீர்மானித்து வையுங்கள். இரண்டு காரியம் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். ஒன்று, திரையிலேயே தெளிவாக: ‘நீங்கள் குறிப்பிட்டிருப்பது உடனடியாகப் பரிசோதிக்க வேண்டிய அறிகுறி. எங்கள் நேரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.’ நோயின் பெயரை அந்த இடத்தில் போடாதீர்கள். படிவம் நோயைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை. மற்றொன்று, கிளினிக்கில் பொறுப்பான ஒருவருக்கு அறிவிப்பு போக வேண்டும், அவர் நோயாளியைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். விடுமுறை நாளில் அந்தப் பொறுப்பு யாருக்கு என்று பெயர் போட்டு எழுதி வையுங்கள். ‘யாராவது பார்ப்பார்கள்’ என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இன்னொரு வகைக் கேள்விகள் உண்டு. முன்பு புற்றுநோய் இருந்ததா, காரணமில்லாமல் எடை குறைகிறதா, காய்ச்சல் இருக்கிறதா, படுத்து ஓய்வெடுத்தாலும் இரவிலும் வலி குறையாமல் இருக்கிறதா, சமீபத்தில் பெரிதாக விழுந்தோ அடிபட்டோ இருக்கிறதா என்பவை. இவற்றுக்கு ‘ஆம்’ வந்தால் நோயாளியைத் திரையில் பயமுறுத்த வேண்டாம். ஆனால் அந்தப் படிவம் டாக்டரின் பட்டியலில் மேலே வர வேண்டும், அவர் சிகிச்சைக்கு முன்பே படித்திருக்க வேண்டும்.

மருந்து, எலும்பு, உலோகம்

‘உங்களுக்கு ஏதாவது நோய் உண்டா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். ‘தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டால் அதே ஆள் ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று என்று எழுதுவார். நீண்ட நாள் கட்டுக்குள் இருப்பதை நோய் என்றே அவர்கள் நினைப்பதில்லை. ஆகவே மாத்திரையிலிருந்து தொடங்குங்கள். வார்ஃபாரின் போல ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளையும், நீண்ட காலமாகச் சாப்பிடும் ஸ்டீராய்டு மாத்திரைகளையும் தனியாகக் கேளுங்கள். முதலாவதில் ரத்தக் கசிவு அபாயம், இரண்டாவதில் எலும்பு பலவீனமாகும் அபாயம். இரண்டும் எந்த முறையில், எவ்வளவு அழுத்தத்தில் கை வைப்பது என்பதையே மாற்றும். மருந்தின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதச் சொல்லி யாரையும் சோதிக்காதீர்கள். மாத்திரை அட்டையையோ மருந்துச் சீட்டையோ போட்டோ எடுத்து இணைக்கும் வசதி வையுங்கள்.

எலும்புக்கும் இதே வழி. ‘ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாவது) உண்டா?’ என்ற கேள்வியோடு நிறுத்திவிடாமல், ‘லேசாகத் தடுக்கி விழுந்ததிலேயே எலும்பு முறிந்ததுண்டா?’ என்றும் கேளுங்கள். பரிசோதனை செய்துகொள்ளாதவர்களுக்கு முதல் கேள்விக்குப் பதில் தெரியாது, இரண்டாவதற்குத் தெரியும். முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்ததா, உடலில் ஸ்க்ரூ, தகடு, பேஸ்மேக்கர் ஏதும் இருக்கிறதா, கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா (எக்ஸ்ரேக்காகவும் படுக்கும் நிலைக்காகவும்), முன்பு கைரோபிராக்டிக் சிகிச்சை எடுத்தபோது ஏதாவது அசௌகரியம் ஏற்பட்டதா என்பவையும் இந்தப் பகுதியில் வரும்.

உடல் படம்

வலி எங்கே என்பதை எழுத்தில் கேட்காமல் படத்தில் தொடச் சொல்லுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. இதில் ஒரு சிக்கல் எப்போதும் வரும்: முன்பக்கப் படத்தில் நோயாளியின் இடதுபுறம் திரையில் வலதுபுறமாக இருக்கும். கண்ணாடி பார்க்கும் பழக்கத்தில் பலர் மாற்றித் தொட்டுவிடுவார்கள். படத்தின் மேலேயே ‘உங்கள் இடது’, ‘உங்கள் வலது’ என்று பெரிதாக எழுதுங்கள். தொட்ட பிறகு ‘வலது தோள்பட்டையின் பின்புறம், சரிதானா?’ என்று வாக்கியமாகவும் காட்டுங்கள். வலி, மரத்துப்போதல், எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு ஆகியவற்றுக்குத் தனித்தனி அடையாளம் கொடுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். 0 முதல் 10 வரையான வலி அளவையும் ஒரே எண்ணாகக் கேட்காமல் ‘இப்போது’, ‘கடந்த வாரத்தில் மிக மோசமாக இருந்தபோது’ என்று பிரித்துக் கேட்டால் டாக்டருக்கு நிலவரம் புரியும்.

அளவீட்டு வினாத்தாள்கள்

வலி அன்றாட வேலைகளை எவ்வளவு முடக்குகிறது என்பதை மதிப்பெண்ணாக அளந்து, சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்க உலகெங்கும் பயன்படும் வினாத்தாள்கள் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக நீங்களே உருவாக்காதீர்கள். கீழ்முதுகுக்கு 1980-ல் வெளியான ஆஸ்வெஸ்ட்ரி குறியீடு, 1983-ல் வெளியான 24 வாக்கியங்கள் கொண்ட ரோலண்ட்-மோரிஸ் வினாத்தாள். கழுத்துக்கு, கனடாவில் ஹோவர்டு வெர்னனும் சில்வானோ மியோரும் 1991-ல் வெளியிட்ட கழுத்து இயலாமைக் குறியீடு. இது கைரோபிராக்டிக் துறைக்குள்ளிருந்தே பிறந்தது. ஆஸ்வெஸ்ட்ரியிலும் கழுத்துக் குறியீட்டிலும் 10 பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மதிப்பெண் கூடக் கூடப் பாதிப்பு அதிகம் என்று பொருள்.

மென்பொருளில் ஏற்றும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஆஸ்வெஸ்ட்ரியில் தாம்பத்திய வாழ்க்கை பற்றி ஒரு பிரிவு இருக்கிறது, அதைப் பலர் விட்டுவிடுவார்கள். அதைக் கட்டாயமாக்கக் கூடாது. விட்டால் மொத்தத்தை 50-க்குப் பதில் 45-ஆல் வகுத்துச் சதவீதம் காண வேண்டும். உங்கள் படிவம் விடுபட்டதை 0 என்று எடுத்துக்கொண்டால் நோயாளி உண்மையில் இருப்பதைவிட நன்றாக இருப்பதாகக் காட்டும். ஒரு பிரிவை விட்டுவிட்டு நீங்களே நிரப்பி, கணக்கு சரியாக வருகிறதா என்று பாருங்கள். வினாக்களின் சொற்களை உங்கள் விருப்பப்படி மாற்றாதீர்கள். பிற மொழிகளில் வேண்டுமென்றால் சோதித்து உறுதிசெய்யப்பட்ட மொழிபெயர்ப்பைத் தேடுங்கள். பயன்படுத்த அனுமதி தேவையா என்பதையும் பார்த்துவிடுங்கள். முதல் வருகையில் ஒருமுறை, பிறகு மறுபரிசீலனை செய்யும் நாளில் ஒருமுறை நிரப்பினால் போதும். ஒவ்வொரு வருகைக்கும் கேட்டால் சலிப்பில் ஏதோ ஒன்றைத் தட்டிவிடுவார்கள்.

ஒப்புதல்

மூன்று ஒப்புதல்களை ஒரே பெட்டியில் போடாதீர்கள். தகவலைச் சேமிப்பதற்கு ஒன்று, சிகிச்சைக்கு ஒன்று, விளம்பரச் செய்தி அனுப்புவதற்கு ஒன்று. மூன்றாவதற்கு ‘இல்லை’ என்று சொன்னாலும் சிகிச்சைக்குத் தடையில்லை என்று எழுதுங்கள். எந்தப் பெட்டியும் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கக் கூடாது.

சிகிச்சைக்கான ஒப்புதலை வீட்டில் ஒரு டிக்கோடு முடித்துவிடுவதை நான் ஏற்பதில்லை. என்ன செய்யப்போகிறோம், அதன் பலன் என்ன, ஆபத்து என்ன, வேறு வழிகள் என்ன என்பதை டாக்டர் நேரில் சொல்ல வேண்டும், நோயாளி கேள்வி கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் கையெழுத்து. ஆன்லைனில் செய்ய முடிந்தது, விவரங்களை முன்னதாகவே படிக்கக் கொடுத்து ‘டாக்டரிடம் கேட்க நினைப்பது’ என்று ஒரு காலிக் கட்டம் வைப்பது. அந்தக் கட்டத்தில் எழுதியதிலிருந்து பேச்சைத் தொடங்கினால் உரையாடல் தானாகவே நல்ல இடத்துக்குப் போகும்.

பாதுகாப்பு

நோய் விவரம் ஒருவரின் மிக அந்தரங்கமான தகவல். அதைப் பாதுகாக்கச் சட்டங்களும் இருக்கின்றன. அமெரிக்காவில் நோயாளித் தகவலுக்கான 1996-ன் ஹிப்பா சட்டம், ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஜி.டி.பி.ஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, இந்தியாவில் 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். உங்கள் கிளினிக் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கு ஏற்ற படிவச் சேவையைத் தேர்ந்தெடுங்கள். ஹிப்பாவின் கீழ் வருகிறவர்கள், நோயாளித் தகவலைக் கையாளும் சேவை நிறுவனத்தோடு அதற்கென எழுத்து ஒப்பந்தம் வைத்திருக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கிறது என்று எதையாவது எடுத்துத் தொடங்கிவிடாதீர்கள்.

அன்றாட நடைமுறையில் நான் விடாமல் பார்ப்பவை: நிரப்பிய விவரங்கள் மின்னஞ்சலில் வரக் கூடாது, ‘புதிய படிவம் வந்திருக்கிறது’ என்ற அறிவிப்பு மட்டும் வர வேண்டும். பார்க்க வேண்டியவர் உள்ளே போய்ப் பார்க்கட்டும். ரிசப்ஷனில் எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்ற பழக்கம் வேண்டாம். ஆளுக்கொரு கணக்கு, பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரண்டடுக்கு உள்நுழைவு, யார் எப்போது எதைத் திறந்தார் என்ற பதிவு. வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்றே மூடுங்கள். படிவம் இருக்கும் பக்கத்தில் விளம்பர நிறுவனங்களின் கண்காணிப்பு நிரல் எதையும் சேர்க்கக் கூடாது. கிளினிக்கின் மற்ற பக்கங்களுக்கு அதைப் போட்டவர்கள் இந்தப் பக்கத்திலும் போட்டிருக்கலாம். வலைதளம் செய்தவரிடம் நேரடியாகக் கேட்டு உறுதிசெய்யுங்கள். நோயாளி மாத்திரை அட்டையின் படத்தையோ எக்ஸ்ரேயையோ வாட்ஸ்அப்பில் ஊழியரின் சொந்த எண்ணுக்கு அனுப்பும் பழக்கத்தையும் நிறுத்திவிட்டு, படிவத்தின் வழியாகவே அனுப்பச் சொல்லுங்கள்.

நிரப்புகிறவரை நினைத்து

பெரும்பாலோர் போனில்தான் நிரப்புவார்கள். எழுத்து பெரிதாக, பொத்தான்கள் இடைவெளியோடு இருக்கட்டும். பிறந்த தேதிக்குக் காலண்டரைத் திறந்து பல பத்தாண்டுகள் பின்னால் தள்ள வைக்காதீர்கள், நாள், மாதம், வருடம் என்று மூன்று கட்டம் போதும். ‘தெரியவில்லை’ என்ற விடையை எல்லா மருத்துவக் கேள்விகளுக்கும் கொடுங்கள். அது இல்லாவிட்டால் தெரியாதவர்களும் ‘இல்லை’ என்று தட்டுவார்கள், நீங்களும் அதை நம்பிவிடுவீர்கள்.

அம்மாவுக்காக மகள் நிரப்புவது சகஜம். ‘இதை நிரப்புகிறவர் யார்?’ என்ற கேள்வி முதலிலேயே இருக்கட்டும். மகள் நிரப்பிய படிவத்தில் சிறுநீர் பற்றிய கேள்விக்கு வந்த ‘இல்லை’யை டாக்டர் அம்மாவிடம் தனியாக மறுபடி கேட்பார். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கையெழுத்துப் பகுதி தானாகத் திறக்க வேண்டும். போன் பயன்படுத்தத் தெரியாதவர், பார்வை குறைந்தவர், ஆன்லைனில் தர விருப்பமில்லாதவர் என்று சிலர் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்குத் தாள் இருக்கட்டும், அல்லது நீங்களே தொலைபேசியில் கேட்டு நிரப்புங்கள். அதற்காக அவர்களைக் குறைவாக நடத்தக் கூடாது.

வருகை நாளில்

நிரப்பியதை டாக்டர் படிக்காமல் போனால் இவ்வளவும் வீண். வீட்டில் உட்கார்ந்து பொறுமையாக எழுதியவரிடம் ‘சொல்லுங்க, என்ன பிரச்சினை?’ என்று அடியிலிருந்து தொடங்கினால் அவர் முகம் வாடிப்போவதை நான் அறைவாசலில் நின்றே பார்த்திருக்கிறேன். ஆகவே பல பக்கப் படிவத்தை ஒரே பக்கச் சுருக்கமாக மாற்றும்படி அமைப்பைச் செய்யுங்கள்: மேலே எச்சரிக்கைப் பதில்கள், அடுத்து மருந்துகள், உடல் படம், வலி அளவு, நோயாளி கேட்க நினைப்பது. டாக்டர் உள்ளே வந்ததும், ‘மூணு வாரமா வலது கால் வரைக்கும் இழுக்குதுன்னு எழுதியிருக்கீங்க, அதைக் கொஞ்சம் சொல்லுங்க’ என்று ஆரம்பிக்கட்டும்.

ரிசப்ஷனில் நம் பங்கு, பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்ப்பதும், காலியாக விட்டதைக் கேட்பதும்தான். மருத்துவ விடைகளை அங்கே சத்தமாகப் படிக்கக் கூடாது. விடுபட்டது அந்தரங்கமானது என்றால் டேப்லெட்டை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். உயரமான மேசை ஒன்றும் பக்கத்தில் வையுங்கள், நின்றபடியே நிரப்பிவிடுவார்.

மீண்டும் வருகிறவர்களிடம் முழுப் படிவத்தையும் நீட்டாமல் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: புதிய மருந்து ஏதாவது? விழுந்ததோ அடிபட்டதோ உண்டா? வேறு டாக்டர் புதிதாக ஏதாவது கண்டுபிடித்தாரா? நீண்ட இடைவெளிக்குப் பிறகு வந்தால் மட்டும் பழைய விடைகளை முன்கூட்டியே நிரப்பிக் காட்டி, மாறியதை மட்டும் திருத்தச் சொல்லலாம். எச்சரிக்கைக் கேள்விகளை மட்டும் அப்படி முன்நிரப்பாதீர்கள், அவற்றுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகவே விடை வர வேண்டும்.

தொடங்குவதற்கு முன், ஒரு பழைய போனில், ஒரு கையால், நின்றுகொண்டு முழுப் படிவத்தையும் நீங்களே நிரப்பிப் பாருங்கள். பிறகு இந்தத் துறைக்குச் சம்பந்தமில்லாத, வயதான ஒருவரிடம் கொடுத்து, எதுவும் சொல்லித்தராமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் விரல் எந்தக் கேள்வியில் தயங்குகிறதோ அதைத் திருத்துங்கள். எச்சரிக்கைக் கேள்வி ஒன்றுக்கு ஞாயிற்றுக்கிழமை ‘ஆம்’ என்று தட்டி, பொறுப்பானவரின் போன் உண்மையிலேயே அடிக்கிறதா என்று பார்த்த பிறகே லிங்கை முதல் நோயாளிக்கு அனுப்புங்கள்.